இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒரு திருட்டுச் சுரம்

புல்லாங்குழல் கற்க ஆரம்பித்த முதல் வருடம் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஓர் இடம்தான். ச ரி க ம வரிசையில் காந்தாரத்திலிருந்து (க) மத்தியமத்துக்கு (ம) போவது. காந்தாரம் ஒழுங்காக வரும், மத்தியமமும் வரும். இரண்டுக்கும் நடுவே யாரோ தும்மியதுபோல் ஒன்று கேட்கும். விரலில் வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தேன். தும்மல் பலமானதுதான் மிச்சம்.

அது வெறும் இரைச்சல் இல்லை, அதுவும் ஒரு சுரம்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. எந்தச் சுரம் என்று பெயர்கூடச் சொல்லிவிடலாம்.

குழலுக்குள் அதிர்வது காற்றுத்தம்பம். உதட்டிலிருந்து வரும் மெல்லிய காற்றுத்தாரை ஊதுதுளையின் எதிர் விளிம்பில் மோதி, மாறிமாறி உள்ளேயும் வெளியேயும் பாய்ந்து அந்தத் தம்பத்தை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. தம்பத்தின் ஒரு முனை ஊதுதுளை. மறுமுனை, கிட்டத்தட்ட, அதிலிருந்து எண்ணினால் முதலில் திறந்திருக்கும் துளை. அதற்கு அப்பால் இருக்கும் துளைகளை மூடினாலும் திறந்தாலும் சுரம் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசைக் குழலில் விரலுக்கு எட்டுத் துளைகள். கடைசித் துளையை வழக்கமாக யாரும் தொடுவதில்லை. முதல் இரண்டை மூடினால் ஷட்ஜம், ஒன்றை மட்டும் மூடினால் ரிஷபம், எல்லாவற்றையும் திறந்தால் காந்தாரம். அதற்கு மேல் திறக்க விரலில்லை! ஆகவே மத்தியமத்துக்கு ஆறு துளைகளை ஒரேயடியாக மூடி, அந்த விரலமைப்பு தரும் கீழ் மத்தியமத்தை, ஊதும் விதத்தை மாற்றி ஒரு ஸ்தாயி (அதே பெயருள்ள அடுத்த மேல் சுரம் வரை) மேலே தூக்க வேண்டும். இந்துஸ்தானி இசைக் குழலான பன்சூரியை வாசிப்பவர்களுக்கு இதே சங்கடம் பிரதிமத்தியமத்துக்கும் (சற்று உயர்ந்த மத்தியமம்) அடுத்த சுரமான பஞ்சமத்துக்கும் நடுவே வரும். சாவிகள் வைத்த மேற்கத்தியக் குழலில் சி ஷார்ப் என்ற சுரத்திலிருந்து அடுத்த சுரமான டி-க்குப் போகும்போது வரும்.

ஆறு விரல்களும் ஒரே கணத்தில் இறங்கினால் பிரச்சினையே இல்லை. ஆனால் இறங்காது. யாருக்கும் இறங்காது. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கத்தியக் குழலின் சாவி அசைவுகளை, தொடக்க மாணவர்கள் முதல் தொழில்முறைக் கலைஞர்கள் வரை பலரை வாசிக்க வைத்து அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். விரலால் அழுத்தப்படும் சாவி நகர்ந்து முடிய சுமார் 10 மில்லி விநாடி ஆகிறது. சுருள்வில் திருப்பித் தள்ளும் சாவிக்குச் சுமார் 16. ஆனால் ஒரு விரலுக்கும் இன்னொரு விரலுக்கும் நடுவே உள்ள தாமதமோ பல பத்து மில்லி விநாடிகள் வரை போகிறது. நகர வேண்டிய விரல்கள் கூடக்கூட அதுவும் கூடுகிறது. தொழில்முறைக் கலைஞர்களுக்குத் தாமதம் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை.

30 மில்லி விநாடி என்பது கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாயிற்றே, காதுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். விநாடிக்கு 440 முறை அதிரும் சுரம் அதற்குள் 13 முறை அதிர்ந்துவிடும். விநாடிக்கு எட்டு சுரம் என்ற வேகத்தில் வாசித்தால் ஒரு சுரத்துக்குக் கிடைப்பதே 125 மில்லி விநாடி. அதில் கால்வாசியைத் திருட்டுச் சுரம் தின்றுவிட்டால் கேட்காமல் என்ன செய்யும்? தாமதம் நாலைந்து மில்லி விநாடியாகச் சுருங்கினால் கதை வேறு. புதிய சுரத்தின் அதிர்வு காற்றுத்தம்பத்தில் ஊன்றிக்கொள்ளவே பல அதிர்வுகள் வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் இடைச்சுரம் பிறக்கவே வழியில்லை.

சரி, விரல்கள் சேர்ந்து இறங்காது என்றால், எது முந்துவது என்பதையாவது நாம் முடிவு செய்யலாமே! அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு விரலமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பல பாதைகள் உண்டு. சில பாதைகளில் நடுவே வரும் விரலமைப்பு பழைய சுரத்தையோ புதிய சுரத்தையோ ஒட்டியே ஒலிக்கும். அவை பத்திரமான பாதைகள். மற்றவற்றில் வேறொரு சுரம் தலைநீட்டும், அல்லது ஒலி அறுந்துபோகும். வாசிப்பவர்கள் பெரும்பாலும் பத்திரமான பாதையில்தான் போகிறார்கள்.

இதை என் காந்தார-மத்தியமத்தில் பொருத்திப் பாருங்கள். ஊதுதுளைப் பக்கமுள்ள முதல் மூன்று துளைகள் இடதுகைக்கு, அடுத்தவை வலதுகைக்கு. இடதுகை விரல்கள் முந்தி இறங்கினால் முதல் துளை மூடியதும் ரிஷபம், இரண்டாவது மூடியதும் ஷட்ஜம், மூன்றாவதில் நிஷாதம். எல்லாம் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் வரிசையாக எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். என் தும்மல் இதுதான். வலதுகை முந்தினால்? மேலே முதல் துளை திறந்தே இருப்பதால் காந்தாரம் லேசாக இறங்குவதோடு சரி. பிறகு இடதுகையின் மூன்று விரல்களைச் சேர்த்து வைப்பது ஆறு விரல்களைச் சேர்ப்பதைவிட எவ்வளவோ சுலபம். திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு: இடதுகை முதலில் எழ வேண்டும், வலதுகை சாவகாசமாக வரலாம். மேற்கத்தியக் குழல்காரர்கள் சி ஷார்ப் வாசிக்கும்போதே வலதுகை விரல்களை மூடி வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் காரணம் இதே இயற்பியல்தான்.

அங்கே இன்னொரு அழகான உதாரணமும் உண்டு. எஃப்-இலிருந்து எஃப் ஷார்ப்புக்குப் போக வலது ஆள்காட்டி விரல் எழுந்து மோதிரவிரல் இறங்க வேண்டும். ஆள்காட்டி முதலில் எழுந்தால் நடுவே ஜி கேட்கும். மோதிரவிரல் முதலில் இறங்கினால் எஃப் கொஞ்சம் தணியும், அவ்வளவே. ஆக, முதலில் வை, அப்புறம் எடு.

மோதிரவிரல் என்றதும் ஒரு சின்னச் சோதனை. நடுவிரலை உள்ளே மடக்கி, உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, மோதிரவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். அசையவே மறுக்கும். புறங்கையில் விரல்களை நீட்டும் தசைநாண்கள் குறுக்குப் பட்டைகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அதில் அதிகம் மாட்டிக்கொண்டது மோதிரவிரல். எனவே அது பிந்துவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. விரலைத் துளையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தூக்காமல் அரை சென்டிமீட்டரோடு நிறுத்தினால், அது பிந்தும் அளவாவது குறையும்.

விரல் சரியாக இருந்தும் மத்தியமம் கீழ் ஸ்தாயியில் முனகினால் குற்றவாளி உதடு. மேல் ஸ்தாயிக்குக் காற்றுத்தாரை விளிம்பை இன்னும் சீக்கிரம் சென்றடைய வேண்டும். அதற்கு உதட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியைக் குறைத்து, தாரையின் வேகத்தைக் கூட்ட வேண்டும். இடைவெளியைக் குறைக்காமல் வெறுமனே ஓங்கி ஊதினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். துளை ஓரத்தில் மயிரிழை கசிந்தாலும் கீழ்ச்சுரம் உடைந்து மேலே தாவும்.

நாக்கால் காற்றை வெட்டி வாசிக்கும் துத்துக்காரத்தில் இந்தப் பிழைகளெல்லாம் ஒளிந்துகொள்ளும், விரல் தடுமாறும் நேரத்தில் காற்றே இல்லாததால். அதனால் பயிற்சிக்கு நாக்கை விட்டுவிட்டு ஒரே மூச்சில் இழைத்து வாசிப்பதே உத்தமம். இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி ஊதி, செல்போனில் பதிந்து, கால்வாசி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். திருட்டுச் சுரம் கையும் களவுமாக மாட்டும். எந்தச் சுரம் என்று தெரிந்தால் எந்த விரல் முந்தியது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு நிஷாதம் மாட்டியது.

மூங்கில் குழலில் ஒரு சலுகையும் உண்டு. சாவி இல்லாததால் விரல் துளையைக் கால், அரை, முக்கால் என்று மெல்லத் திறக்கலாம். சுரமும் அதோடு வழுக்கிக்கொண்டே ஏறும். குழலில் வாய்ப்பாட்டின் கமகங்களை (சுரங்களை அசைத்தும் வளைத்தும் பாடும் முறைகளை) கொண்டுவந்த திருவிடைமருதூர் மகாலிங்கம், அதாவது மாலி (1926–1986), அதற்காக விரல்முறையையே மாற்றியமைத்தார். அவர் வாசிப்பில் இரண்டு சுரங்களுக்கு நடுவே எத்தனையோ ஒலிகள் கேட்கும். ஆனால் ஒன்றுகூட அவருக்குத் தெரியாமல் நுழைந்தது இல்லை.