வயலுக்குள் துளை போட்டால் யாரைக் கேட்பது?

போன மாசியில் எங்கட குளத்துக்குக் கீழ்வயலில் ஒரு லொறி வந்து நின்று இரண்டு நாள் துளை போட்டது. உள்ளேயிருந்து எடுத்த கல்லுருளைகளை மரப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதிக் கொண்டுபோனார்கள். வயற்காரர் எனக்குச் சித்தப்பா முறை. யார் போட்டது, யார் அனுமதித்தது என்று ஒரு கந்தோரில் கேட்டார்: "அது எங்கட வேலையில்லை." அடுத்ததில்: "பெரியவர் மீற்றிங்." மூன்றாவதில்: "நீங்கள் ஏன் ஐயா இதைக் கேட்கிறீங்கள்?" அதற்குள் பிராக்கிங் வரப்போகுதென்று தமிழ்நாட்டில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடிய நெடுவாசல் ஊரின் படத்தோடு வட்ஸ்அப்பில் பரவிவிட்டது.

முதலில் அந்தக் கதை. தண்ணீர், மணல், இரசாயனம் கலந்து பேரழுத்தத்தில் பாறைக்குள் செலுத்தி, விரிசல் உண்டாக்கி வாயு எடுப்பதுதான் பிராக்கிங். அமெரிக்காவில் எரிவாயு பெருகியது இதனால்தான். பிரான்ஸ் 2011இல் தடை செய்தது. இங்கிலாந்து 2019இல் நில அதிர்வுக்குப் பிறகு நிறுத்தியது. மன்னாரில் 2011இல் கண்டது கடலடி வாயு. வன்னி மண்ணில் பிராக்கிங் நடக்கவில்லை. துளை போடுகிறவர்கள் எல்லாரும் வாயு தேடுகிறவர்களும் இல்லை. அதற்காக, குளத்தை நம்பி விதைக்கிறவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்கக் காசு இல்லை. காரணம் சொல்லவும் தேவையில்லை. அந்த மூன்றாவது கந்தோரின் கேள்விக்குச் சித்தப்பா பதில் சொல்லியிருக்கவே வேண்டாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், விண்ணப்பத்தை ஏற்கும் தகவல் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பலர் சறுக்குவது கேள்வியில். "ஏன் எங்கட வயலில் துளை போட்டீர்கள்?" என்று எழுதாதீர்கள். பதிவில் இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் வாங்கலாம், விளக்கம் அல்ல. "இன்ன திகதியில், இன்ன கிராம அலுவலர் பிரிவில், இந்தக் காணியில் துளையிட வழங்கிய அனுமதியின் பிரதியும், அதற்கான விண்ணப்பத்தின் பிரதியும்" என்று கேளுங்கள். நான்கு வரி போதும். மனக்குமுறலை வேறு கடிதத்தில் எழுதுங்கள்.

அடுத்த பொறி: "வைச்சிட்டுப் போங்கோ, பாக்கிறம்." வைத்துவிட்டு வராதீர்கள். பெற்றுக்கொண்டதாக உடனே எழுத்தில் தருவது அவர்கள் கடமை. அந்தத் துண்டு இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பம் பிறக்கவேயில்லை என்பார்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். வாயால் சொல்லும் "இல்லை" கணக்கில் வராது. மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தாலோ நாள் கடந்தாலோ, மேன்முறையீட்டைக் கேட்கிற குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. முடிவு சொல்ல அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "அடுத்த கிழமை வாங்கோ" என்று இழுத்தடிப்பது இந்த மேன்முறையீட்டு 14 நாளைத் தின்னத்தான் என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். கருத்துச் சொல்ல, அறிவித்தல் வந்ததிலிருந்து 30 நாள். உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல. அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும், உங்கள் வீட்டுப் படலைக்கு வராது. இன்னொன்று, "ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை" என்ற சிறிய அறிக்கையோடு முடித்தால் அந்த 30 நாளும் கிடையாது. ஆகவே விண்ணப்பத்தில் ஒரு வரி சேருங்கள்: இதற்கு எந்த அறிக்கை கேட்கப்பட்டது, அதன் பிரதி.