புதினா வாசனை வராத மெந்தால் சிகரெட்

கலிபோர்னியாவில் 2022 டிசம்பர் 21 முதல், புதினாவில் இருக்கும் மெந்தால் என்ற பொருளைச் சேர்த்த சிகரெட்டைக் கடையில் விற்கக் கூடாது. சட்டம் என்னவோ 2020-லேயே நிறைவேறிவிட்டது. சிகரெட் கம்பெனிகள் கையெழுத்துத் திரட்டி அதைப் பொதுவாக்கெடுப்புக்கு இழுத்துப் போனதில் இரண்டு வருடம் ஓடியது. கடைசியில் 63 விழுக்காட்டினர் தடை இருக்கட்டும் என்றே வாக்களித்தார்கள். தடை வந்த கையோடு அதே பிராண்டுகளின் புதுப் பெட்டிகள் கடைகளில் அடுக்கப்பட்டன. மேலே ‘மெந்தால் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தது. முகர்ந்தால் புதினா வாசனை இல்லை. ஆனாலும் அவற்றில் சிலதை இழுத்தால் தொண்டை பழையபடி ஜில்லென்றுதான் இருந்தது.

சட்டம் தடுத்தது சுவையையும் மணத்தையும். இந்த ஜில்லிப்பு அந்த இரண்டிலுமே சேராது. ‘எனக்குப் பிடித்த சுவையை விலக்க அரசாங்கம் யார்?’ என்று ஒரு தரப்பு கேட்கிறது. ‘சுவையைக் காட்டிப் பிள்ளைகளை மயக்குகிறார்கள்’ என்கிறது இன்னொரு தரப்பு. இருவருமே சுவை என்ற பேச்சிலேயே நின்றுவிடுகிறார்கள். நடப்பது நரம்பில்.

நம் அறுசுவைக் கணக்கில் கார்ப்பும் ஒன்று. ஆனால் மிளகாயின் காரம் நாக்கின் சுவைமொட்டுகள் வழியாக வருவதில்லை. முகம், வாய், மூக்கு இவற்றின் வலியையும் சூட்டையும் குளிரையும் மூளைக்குச் சொல்வதற்கென்றே ஒரு நரம்பு இருக்கிறது. முக்கிளை நரம்பு என்பார்கள். அதன் நுனிகளில் சூட்டை உணரும் புரதங்கள் உண்டு. மிளகாயிலுள்ள கேப்சைசின் அவற்றில் ஒன்றைத் திறந்துவிடுகிறது. வாய் வெந்தது போல மூளைக்குச் செய்தி போகிறது. வாயில் சூடு ஏறியிருக்காது.

மெந்தால் செய்வது இதன் மறுபக்கம். குளிரை உணர்வதற்கு டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. நரம்புச் செல்லின் சவ்வில் பதிந்த ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பநிலை ஏறக்குறைய 26 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கதவு திறக்கும், கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும், மூளை ‘குளிர்’ என்று எடுத்துக்கொள்ளும். மெந்தால் மூலக்கூறு இந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டால், திறக்கும் வெப்பநிலையே மேலே ஏறிவிடுகிறது. உடம்பின் சாதாரணச் சூட்டிலேயே கதவு திறந்துகொள்ளும். திறந்தது பனிக்காற்றா மெந்தாலா என்று நரம்புக்குத் தெரியாது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரின் ஆய்வுக்குழுக்களும் தனித்தனியாக 2002-ல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தன. சூடு, குளிர், தொடுகை பற்றிய அவர்களது வேலைகளுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது புகைக்கு வருவோம். எரியும் புகையிலையிலிருந்து அக்ரோலின் போன்ற காட்டமான வேதிப்பொருள்கள் வருகின்றன. காற்றுக்குழாயில் டிஆர்பிஏ1 என்றொரு புரதம் காவல் இருக்கிறது. எரிச்சலூட்டும் எது வந்தாலும் அது கூச்சல் போடும். முதல் சிகரெட்டில் கண்ணில் நீர் வரும்படி இருமுவது இதனால்தான். நிக்கோட்டினே தொண்டையைக் கமறச் செய்யும் பொருள். உடம்பு தன்னால் முடிந்தவரை ‘வேண்டாம்’ என்கிறது. மெந்தால் சேர்ந்தால் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் எலிகளுக்குப் புகையிலுள்ள காட்டமான வேதிப்பொருள்களின் ஆவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமாக அவை மூச்சைத் தடுத்துத் தடுத்து விடும். மெந்தால் கலந்தபோது அந்தத் தற்காப்பு வெகுவாகக் குறைந்தது. குளிர்ப் புரதத்தை ஒரு மருந்தால் முடக்கிவிட்டுப் பார்த்தால் மெந்தாலின் சாகசம் பலிக்கவில்லை.

அதனால்தான் வாசனை தெரியாத அளவில் கொஞ்சம் மெந்தால் பெரும்பாலான ‘சாதா’ சிகரெட்டுகளிலும் இருக்கிறது. மணத்துக்காகச் சேர்ப்பதென்றால் மணமே தெரியாமல் எதற்குச் சேர்க்க வேண்டும்?

இந்த வித்தை பழசு. ஒஹாயோவைச் சேர்ந்த லாயிட் ஹியூஸ் மெந்தால் சிகரெட்டுக்கு 1925-ல் காப்புரிமை வாங்கினார். தொண்டைக்கு இதமானது என்றே பிறகு வந்த கம்பெனிகள் விளம்பரம் செய்தன. அமெரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் வண்டி வைத்து இலவசமாகக் கொடுத்த காலமும் உண்டு. இன்று அந்த நாட்டில் புகைக்கும் கறுப்பினத்தவரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மெந்தால்தான் புகைக்கிறார்கள். இது பிறவி ருசி என்று நம்புவதற்கில்லை. 1950-களில் அந்தக் கணக்கு 10 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

2009-ல் அமெரிக்கா சிகரெட்டில் பழம், மிட்டாய், கிராம்பு மணங்களை எல்லாம் தடை செய்தது. மெந்தாலை மட்டும் விட்டுவைத்தது. கிராம்பு சிகரெட் செய்து ஏற்றுமதி செய்யும் இந்தோனேசியாவுக்குக் கோபம் வராதா? உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது, 2012-ல் ஜெயித்தது. அறிவியல்படியும் இந்தோனேசியா கேட்டது நியாயம்தான். கிராம்பில் இருப்பது யூஜினால். பல்வலிக்கு நம் வீடுகளில் கிராம்பு வைப்பது எதற்கோ, அதையேதான் அது தொண்டையிலும் செய்கிறது: மரத்துப்போகச் செய்கிறது. ஒன்று குளிர வைத்துப் புகையை உள்ளே விடுகிறது, இன்னொன்று மரக்க வைத்து விடுகிறது. ஒன்றுக்குத் தடை, மற்றதற்கு அனுமதி என்பதில் சந்தை அரசியலைத் தவிர வேறு தர்க்கம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013-ஆம் ஆண்டு மதிப்பீடு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. மெந்தால் சிகரெட் மற்ற சிகரெட்டைவிட அதிக நச்சு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் இளவயதில் தொடங்குவது கூடுகிறது, அடிமைத்தனம் கூடுகிறது, விட முயல்பவர்கள் தோற்பதும் கூடுகிறது. எலிகளில் நடந்த ஆய்வுகளில் மெந்தால், மூளையில் நிக்கோட்டின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளின் எண்ணிக்கையையே உயர்த்தியது. ஆக, இது நஞ்சு அல்ல. நஞ்சு போகிற வழியைச் செப்பனிடுகிற பொருள்.

கலிபோர்னியாவின் புதுப் பெட்டிகளில் சிலவற்றில் ஆய்வாளர்கள் கண்டது டபிள்யூ.எஸ்-3 என்ற செயற்கைக் குளிரூட்டி. அந்த இரண்டு எழுத்துகள் வில்கின்சன் ஸ்வோர்ட் என்ற சவரப் பிளேடு கம்பெனியைக் குறிப்பவை. 1970-களில் அந்தக் கம்பெனியின் வேதியியலாளர்கள் மெந்தாலைப் போலக் குளிர வேண்டும், புதினா நெடி கூடாது என்று நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் செய்து பார்த்தார்கள். அப்படிப் பிறந்தது இது. அதே டிஆர்பிஎம்8 கதவுதான். சாவி மட்டும் வேறு. கலிபோர்னியா 2024-ல் சட்டத்தைத் திருத்தி, குளிர்ச்சி உணர்வையும் தடைக்குள் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 மே மாதம் மெந்தால் சிகரெட் தடைபட்டபோது வேறொரு குறுக்குவழி முளைத்தது. மெந்தால் தடவிய அட்டையைத் தனியாக விற்றார்கள். வாங்கியவர் அதைச் சிகரெட் பெட்டிக்குள் செருகி வைத்துக்கொள்ள வேண்டியது. குட்கா தடைக்குப் பின் பான் மசாலாவையும் புகையிலையையும் இரண்டு பாக்கெட்டாக விற்றதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மணத்தையும் புகையிலையையும் சட்டம் பிரித்தது. கலக்கும் வேலை வாடிக்கையாளர் கைக்குப் போனது.

சரி, சுதந்திரம்?

வயது வந்த ஒருவர் கேடு தெரிந்தே புகைக்கிறார், எதை இழுப்பது என்பது அவர் பாடு என்ற வாதத்தை நான் சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் அதற்கு இன்னொரு கனமான காரணமும் உண்டு. 2014-ல் சில்லறையாகச் சிகரெட் விற்றார் என்று நியூயார்க்கில் பிடிக்கப்பட்ட கறுப்பினத்தவரான எரிக் கார்னர் போலீஸ்காரர் ஒருவரின் கழுத்துப்பிடியில் இறந்தார். மெந்தாலைத் தடை செய்தால் போலீசுக்கு இன்னொரு சாக்கு கிடைக்கும் என்று குடிமக்கள் உரிமைக்கான அமைப்புகள் சில அஞ்சின. அதே கறுப்பினத்தவரின் பழம்பெரும் அமைப்பான என்ஏஏசிபி தடையை ஆதரித்தது. தடை விற்பவர் மீதுதான், வைத்திருப்பவர் மீது இல்லை என்று உணவு, மருந்து நிர்வாகம் விளக்கியும் சச்சரவு ஓயவில்லை. 2022-ல் முன்வைத்த நாடு தழுவிய மெந்தால் தடை, 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

ஆனாலும் சிகரெட்டைப் பொறுத்தவரை தடையின் பக்கமே நிற்கிறேன். அமெரிக்காவில் தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் சிகரெட்டைத் தொட்டது 18 வயதுக்குள். நாற்பத்தைந்து வயதுக்காரர் காப்பாற்றக் கேட்கிற தேர்வு, அவர் பதினைந்து வயதில் செய்தது. அந்த நேரத்தில் உடம்பு சொல்லியிருக்க வேண்டிய ‘வேண்டாம்’ஐ மெந்தால் அடக்கிவைத்திருந்தது. கனடா 2017-ல் நாடு முழுக்க மெந்தாலை நிறுத்தியது. பிறகு எடுத்த ஆய்வில், மெந்தால் புகைத்தவர்களில் சுமார் 22 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 15 விழுக்காட்டினரும் புகைப்பதையே விட்டிருந்தார்கள். வேறு சிகரெட் கடையில் தாராளமாகக் கிடைத்தும் அவர்கள் அதற்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேப் என்கிற மின்சிகரெட் என்று வரும்போது இதே உறுதி எனக்கு இல்லை.

வேப்பில் எதுவும் எரிவதில்லை. புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த திரவத்தைச் சூடான கம்பிச்சுருள் ஆவியாக்குகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. பழைய திரவங்களில் நிக்கோட்டின் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மையுடன் இருந்ததால் அளவு கூடினால் தொண்டை பொறுக்காது. 2015-ல் வந்த ஜூல் என்ற வேப் பிராண்டு, பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக மாற்றியது. காட்டம் போய்விட்டது. மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் வரை நிக்கோட்டின் ஏற்ற முடிந்தது. ஐரோப்பாவில் உச்ச வரம்பு 20. இதோடு மாம்பழமும் புதினாவும் சேர்ந்தால் என்ன ஆகும்? 2019-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 விழுக்காட்டினர் வேப் இழுத்தார்கள். 2024-ல் அது 7.8-ஆக இறங்கியது, ஆனால் அப்போதும் வேப் இழுத்த மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாங்கியது மணமூட்டியதைத்தான்.

‘சாப்பிடும் எசன்ஸ்தானே’ என்ற சமாதானமும் செல்லாது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் தின்றால் ஒன்றும் செய்யாது. 2000-ல் மிசூரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலை ஒன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. வயிற்றுக்கு ஆகிறது நெஞ்சுக்கு ஆக வேண்டும் என்றில்லை.

மறுபக்கமும் வலுவாகவே இருக்கிறது. 2019-ல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில், வேப் கொடுத்தவர்களில் 18 விழுக்காட்டினர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைக் கொடுத்தவர்களில் அது 9.9 விழுக்காடுதான். அப்படி மாறிய பெரியவர்கள் பலர் விரும்புவது புகையிலை மணமற்ற வேப்பை. சிகரெட்டை மறக்க முயல்பவர் அதே வாசனையை ஏன் தேட வேண்டும்? மணமூட்டிய வேப்பை நிறுத்திய அமெரிக்க மாநிலங்களில் சிகரெட் விற்பனை கூடியது என்றும் ஓர் ஆய்வு சொல்கிறது: விற்காமல் போன 0.7 மில்லிலிட்டர் வேப் திரவத்துக்குப் பதினைந்து சிகரெட் வீதம். எரியும் பொருளுக்கு ஆளைத் திருப்பி அனுப்பும் தடையை நல்ல தடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இந்த இடத்தில் ஆளுக்கு ஆள், பொருளுக்குப் பொருள் பார்த்துத்தான் நடக்கிறது. இனிப்பு மண வேப் திரவங்களை அது நிராகரித்த விதம் தவறில்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதற்கு முந்தைய வருடம்தான், 2024 ஜூனில், புகைப்பவர்களுக்கு நன்மை அதிகம் என்று காட்டிய நான்கு மெந்தால் வேப்களுக்கு அதே நிர்வாகம் அனுமதி கொடுத்திருந்தது. சிகரெட்டில் விலக்க நினைத்த மூலக்கூறை வேப்பில் அனுமதித்தது முரணாகத் தெரியலாம். நரம்பை வைத்துப் பார்த்தால் முரண் இல்லை. குளிர்ச்சி எதை உள்ளே விடுகிறது என்பதுதான் கணக்கு.

இந்தியா 2019-ல் இந்தக் கணக்கெல்லாம் போடாமல், மணமுள்ளது மணமற்றது என்று பாராமல் வேப் விற்பனையை மொத்தமாகத் தடை செய்தது. நசுக்கினால் புதினாச் சாறு கசியும் குமிழ் வைத்த சிகரெட் மட்டும் பெட்டிக்கடைகளில் இன்றும் கிடைக்கிறது. உலகின் இயற்கை மெந்தாலில் பெரும்பகுதியைத் தருவதும் இந்தியாதான். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்து வயல்களில் அந்தப் புதினா விளைகிறது.