"கலியாணம் முடிச்சாச்சா?"

இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் மிஸ் (தாதி அல்லது மருத்துவிச்சி) கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். "இல்ல மிஸ்" என்று பதில் வந்தால் அடுத்துக் கேட்க வேண்டிய பாதிக் கேள்விகள் கேட்கப்படாமலே போகும். "ஆமா" என்றால் குடும்பத் திட்டத்தோடு பேச்சு முடிந்துவிடும். பெண்ணை விரும்பும் பெண்ணும், இருபாலாரையும் விரும்பும் பெண்ணும் இந்த இரண்டு பதிலுக்குள்ளும் அடங்குவதில்லை. வீட்டார் கட்டிவைத்த கலியாணத்துக்குள்ளே, மனசு இன்னொரு பெண்ணிடம் இருக்க வாழ்கிறவர்களும் உண்டு.

கேட்க வேண்டியது வேறு: "இப்ப யாரோடயாவது உறவு இருக்கா? ஆணோடயா, பெண்ணோடயா, ரெண்டுமா? கர்ப்பம் தங்க வாய்ப்பிருக்கா?" இதைக் கேட்க ஒரு நிமிடம் போதும். பக்கத்து வாங்கில் அதே லயத்துக்காரர் (தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்) உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கேட்கக் கூடாது.

பொம்பளைக்குப் பொம்பளை நோய் தொற்றாது என்ற நம்பிக்கை சுகாதார ஊழியர்களிடம்கூட இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தோலோடு தோல் உரசினாலே பரவும். ஹெர்பிஸும் அப்படித்தான். ட்ரைகொமோனாஸ் என்ற ஒட்டுண்ணி ஈர விரலிலும், இருவர் மாற்றிப் பயன்படுத்தும் கருவியிலும் கடத்தப்படலாம். கொழுந்து கிள்ளி வெடித்த விரல் நுனியை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்கள் கிருமிக்கு வாசல். கையுறை போடுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, கருவிக்குப் போடும் ஆணுறையை ஆளுக்கு ஆள் மாற்றுவது ஆபத்தைக் குறைக்கும் காவல். வாய்வழி உறவுக்கு ஓர் ஆணுறையின் நுனியையும் அடி வளையத்தையும் வெட்டிவிட்டு, பக்கவாட்டில் நீளமாகக் கிழித்து விரித்தால் மெல்லிய சவ்வுத்தாள் கிடைக்கும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், லேடெக்ஸ் ரப்பர் அதில் இளகிப் பிய்ந்துவிடும்.

வெள்ளைபடுதலில்தான் தவறு அதிகம் நடக்கிறது. தயிர்க்கட்டி போலத் திரிந்து, அரிப்போடு வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சாம்பல் வெள்ளையாக, நீர்த்து, மீன் வாடையோடு வந்தால் பெரும்பாலும் பக்டீரியாச் சமநிலை குலைந்ததுதான். இதற்குப் பாமஸியில் வாங்கும் பூஞ்சை மாத்திரை வேலை செய்யாது, வேறு மருந்து வேண்டும். டெட்டோல் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவினால் இன்னும் மோசமாகும். யோனியைக் காக்கும் நல்ல பக்டீரியாவும் அதோடு செத்துப்போகும். பெண் துணை இருந்தால் அவருக்கும் இதே குறை இருக்க வாய்ப்பு அதிகம், இருவருமே காட்டுவது நல்லது.

கருப்பைக் கழுத்துச் செல்களைச் சுரண்டியெடுத்துப் புற்றுநோயின் முன்மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பாப் பரிசோதனை, 1996இல் தொடங்கிய வெல் வுமன் கிளினிக்குகளில் (அரசின் பெண்கள் நலக் கிளினிக்) இலவசம். 35 வயதிலும் 45 வயதிலும் செய்ய வேண்டும் என்பது திட்டம். கலியாணமாகாதவர் போக வேண்டியதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. எந்தப் பாலினத்தவரோடு உறவு இருந்திருந்தாலும் போகலாம், போக வேண்டும். எச்.பி.வி. தடுப்பூசி 2017இல்தான் 6ஆம் ஆண்டு மாணவிகளுக்கு இரண்டு தடவையாகத் தொடங்கியது. அதற்கு முன் அந்த வகுப்பைத் தாண்டியவர்களுக்குப் பாடசாலையில் அது கிடைத்திருக்காது. ஊசி போட்டவருக்கும் பாப் வேண்டும்.

மாதவிடாய் நாளில் போகாதீர்கள். முந்தைய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். உள்ளே எதுவும் நுழைந்து பழக்கமில்லாதவர் "சின்ன ஸ்பெகுலம் போடுங்க மிஸ்" என்று கேட்கலாம் (ஸ்பெகுலம் என்பது யோனியை விரித்துப் பார்க்கும் கருவி). வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். சுரண்டியெடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயுமுன் அல்கஹோலில் இட வேண்டும். காய்ந்துவிட்டால் செல்கள் உருக்குலைந்து அறிக்கை "திருப்தியில்லை" என்று வரும். மறுபடி வரச் சொன்னால் புற்றுநோய் என்று பதறாதீர்கள், தகடு காய்ந்ததாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் தெரிந்தும் பலர் போகாததற்குக் காரணம் பேர், அதாவது தோட்டத்தில் அன்றைய வேலைநாள் பதிவு. கிளினிக் போன நாள் பேர் விழாது, சம்பளம் வெட்டு. அடுத்த காரணம் மொழி. சிங்களம் மட்டும் தெரிந்த ஊழியரிடம் அக்காவையோ பிள்ளையையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போனால், இரகசியம் அன்றைக்கே முடிந்தது. தமிழ் அரசகரும மொழி. தமிழ் தெரிந்த ஊழியரைக் கேட்பது உரிமை. லயத்து ஆட்கள் பார்ப்பார்கள் என்ற பயமிருந்தால் நுவரெலியா, கண்டி, பதுளையிலுள்ள அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களுக்குப் போகலாம். கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1883ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக் கோவையின் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு முதலில் ஆண்களைத்தான் குறித்தது. 1995 திருத்தம் "எந்த ஆளும்" என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்தது. சமத்துவம் என்று இதைத்தான் சொன்னார்களோ என்னவோ! 2022இல் ஐ.நா. பெண்கள் உரிமைக் குழு, இது பெண்களின் உரிமையை மீறுகிறது என்று இலங்கைக்கு எதிராக முடிவெடுத்தது. குற்றநீக்க மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தால் மட்டும் பிரிவு நீங்கிவிடாது.

"பேய் பிடிச்சிருக்கு" என்று மாந்திரீகத்துக்கு இழுத்துப்போவதும், அடித்துக் கலியாணம் கட்டிவைக்கப் பார்ப்பதும் தனிக்கதை. தன்பால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அடிப்பது அப்பாவோ அண்ணனோ என்றாலும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் தானே மனுக் கொடுக்கலாம், பொலிஸாரும் அவர் சார்பில் கொடுக்கலாம். யாரைக் காதலிக்கிறீர்கள் என்று அதில் எழுத வேண்டியதில்லை. அடித்தது, பூட்டிவைத்தது, மிரட்டியது, எந்தத் தேதி என்பவை போதும். பெண்களுக்கான அரச உதவி எண் 1938.