ஒரு மின்னஞ்சலுக்கு எத்தனை மதிப்பெண்?

மின்னஞ்சல் சர்வரின் வேலை கடிதத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பது. அது ஸ்பாமா, நல்ல கடிதமா என்று தீர்ப்புச் சொல்வது வேறு வேலை. அந்த வேலையைச் செய்யும் வடிகட்டி நிரல்களில் ஒன்றான, 2001-இல் வெளிவந்த ஸ்பாம்அசாசின் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு கடிதத்துக்கும் அதைப் புதிதாக இயக்கி, அத்தனை விதிகளையும் நினைவகத்தில் ஏற்றினால் சர்வர் திணறிவிடும். ஆகவே ஸ்பாம்டி என்ற நிரலை எந்நேரமும் இயக்கத்தில் வைத்து, ஸ்பாம்சி என்ற சிறு நிரல் கடிதத்தை 783-ஆம் போர்ட் (நிரல்கள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்) வழியே அதனிடம் கொடுத்துப் பதில் வாங்கும்படி செய்தார்கள். அவை பேசிக்கொள்வதற்கென்றே தனி நெறிமுறையும் வகுத்தார்கள்.

பின்னர் வந்த ஆர்ஸ்பாம்டி என்ற வடிகட்டி, இணையதளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி நெறிமுறையையே எடுத்துக்கொண்டது. இது பெரிய வசதி. எந்த மொழியில் எழுதிய அஞ்சல் நிரலும் 11333-ஆம் போர்ட்டுக்கு ஒரு கோரிக்கை அனுப்பி, முழுக் கடிதத்தையும் அதன் உடலில் வைத்தால் போதும்.

ஆனால் கடிதம் மட்டும் போதாது. 'அனுப்புநர்' வரியில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். இணைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பதை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. அந்த ஐபியையும், எதிர்முனைச் சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பெயரையும், உறை மேலிருந்த (அதாவது, கடிதத்தை ஒப்படைக்கும்போது அந்தச் சர்வர் தனியே சொன்ன) அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் கோரிக்கையின் தலைப்புகளில் தனித்தனியாகத் தர வேண்டும். ஐபியைத் தராவிட்டால், இந்தச் சர்வருக்கு அந்த டொமைன் பெயரில் அனுப்ப உரிமை உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும், ஸ்பாம் அனுப்பும் ஐபிகளின் கறுப்புப் பட்டியல்களும் பயனற்றுப்போகும். வடிகட்டி சரியில்லை என்று குறைபட்டுக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பதில், நிரல்கள் எளிதில் படிக்கக்கூடிய ஜேசன் என்ற உரை வடிவில் வரும். எந்தெந்தச் சோதனை எத்தனை மதிப்பெண் கூட்டியது, குறைத்தது, மொத்தம் எவ்வளவு, என்ன செய்யலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மதிப்பெண் ஏற ஏற ஸ்பாம் என்ற சந்தேகம் கூடும். இயல்பான அமைப்பில் 4 மதிப்பெண் வந்தால் 'பிறகு வா' என்று தற்காலிகமாகத் திருப்பிவிடலாம். ஒழுங்கான சர்வர் மறுபடி வரும், ஸ்பாம் அனுப்பும் பல நிரல்கள் வருவதில்லை. 6 என்றால் ஸ்பாம் என்ற குறியோடு சேர்க்கலாம். 15 என்றால் மறுத்துவிடலாம்.

அந்த மறுப்பை, அனுப்பும் சர்வரோடு இணைப்பு துண்டிக்கப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பினால், ஸ்பாம்காரன் திருடிய முகவரிக்குரிய அப்பாவிக்குத்தான் அது போய்ச்சேரும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற அஞ்சல் சர்வர்கள் இதற்காகவே மில்டர் என்ற இடைமுகத்தின் வழியே வடிகட்டியைக் கேட்கின்றன. வடிகட்டி பதில் சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தைத் தற்காலிகமாக மறுக்கும். அப்படியே ஏற்கும்படியும் மாற்றலாம். மறுப்பதே நல்லது என்பேன். கடிதம் அனுப்பியவரின் சர்வரிலேயே காத்திருக்கும், தொலையாது.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது எதிர்த்திசைப் பாதையை. பயனர் ஒரு கடிதத்தை ஸ்பாம் கோப்புறைக்கு நகர்த்தும்போது, டவ்காட் போன்ற ஐமேப் சர்வர் (பயனரின் அஞ்சல்பெட்டியை வைத்துக் காட்டும் சர்வர்) அதைக் கவனித்து வடிகட்டியின் கற்றல் சேவைக்கு அனுப்பும்படி அமைக்கலாம். 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது' என்று தமிழில் வரும் மோசடிக் கடிதத்தின் சொற்கள் வடிகட்டிக்கு இப்படித்தான் பழக்கமாகும். தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலியில் ஸ்பாம் என்று குறியிடுவதோடு நிறுத்தாமல், குறியிட்ட கடிதம் ஸ்பாம் கோப்புறைக்கு நகரும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். நகர்ந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

பலர் ஸ்பாமை மட்டும் கற்பித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆர்ஸ்பாம்டியின் பேய்சியன் வகைப்படுத்தி (கற்ற சொற்களை வைத்து நிகழ்தகவு கணிக்கும் பகுதி), இயல்பான அமைப்பில், ஸ்பாம், நல்லவை என இரு தரப்பிலும் 200 கடிதங்களையாவது பார்க்கும் வரை வாய் திறக்காது. எனவே ஸ்பாம் கோப்புறையிலிருந்து வெளியே எடுக்கப்படும் கடிதங்களை நல்லவை என்று கற்பிக்கும் விதியையும் கூடவே எழுத வேண்டும். தொடக்கத்தில், பதில் எழுதி முடித்த பழைய கடிதங்களை மொத்தமாகக் கொடுத்து அந்த 200-ஐ எட்டச் செய்யலாம்.