இரண்டு ஆண்டு கிரீன் கார்டு: கணவர் கையெழுத்துப் போட மறுத்தால்?

"நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குத்தான் போக வேண்டும்." இந்த மிரட்டலை நம்பி அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கார்டின் நகலை அரிசி டப்பாவின் அடியில் ஒளித்து வைத்திருந்தார். அவர் நம்பியது பொய்.

அமெரிக்காவில் திருமணத்தின் மூலம் வசிப்புரிமை கிடைக்கும் நாளில் மணமாகி இரண்டு ஆண்டு முடிந்திருக்காவிட்டால், தருவது நிபந்தனையோடு கூடிய இரண்டு ஆண்டு கார்டுதான். போலித் திருமணத்தைத் தடுக்க 1986-இல் வந்த சட்டம் இது. நிபந்தனையை நீக்க ஐ-751 படிவத்தை இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். முன்னெச்சரிக்கையாக நான்கு மாதம் முன்பே அனுப்பினால் கட்டு அப்படியே திரும்பி வரும். அனுப்பாமலே விட்டால் வசிப்புரிமை போய்விடும். நினைவூட்டுக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். சாதாரண கார்டைப் புதுப்பிக்கும் ஐ-90 படிவத்தை அனுப்பிவிடாதீர்கள். கட்டிய பணம் திரும்பாது.

கையெழுத்து கிடைக்காதவர்கள் தனியாகவே விண்ணப்பிக்கலாம். திருமணம் உண்மையானது, ஆனால் விவாகரத்தாகிவிட்டது என்றால் ஒரு வழி. கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இன்னொரு வழி. இதற்கு விவாகரத்து தேவையில்லை. அடி மட்டுமே கொடுமை அல்ல, கடுமையான மனச் சித்திரவதையும் கணக்கில் வரும். இந்த இரண்டு வழியில் போகிறவர்களுக்கும் அந்த 90 நாள் கட்டுப்பாடு இல்லை. ஆனால் விவாகரத்து வழியில் போகிறவர்கள் பிரிந்து வாழ்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதாது, நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு கேட்பார்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே வழக்கறிஞரை முன்பே பாருங்கள்.

விண்ணப்பத்தைப் பார்க்கும் குடிவரவு அலுவலகம் நம்புவது காகிதத்தை. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மின்கட்டணம் எல்லாம் கணவர் பெயரிலேயே இருந்தால், சேர்ந்து வாழ்ந்ததை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? வந்த முதல் மாதமே உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். வருமான வரியைக் கூட்டாகத் தாக்கல் செய்யுங்கள். காவல்துறைப் புகார், மருத்துவர் குறிப்பு இருந்தால் நகலெடுத்து வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.

விண்ணப்பம் பதிவானதும் வரும் ரசீதுக் கடிதம், காலாவதியான கார்டின் ஆயுளை நீட்டிக்கிறது; 2023 முதல் அது 48 மாதம். வேலையிடத்திலும் ஓட்டுநர் உரிம அலுவலகத்திலும் பழைய தேதியைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கார்டையும் கடிதத்தையும் சேர்த்து நீட்டி, கடிதத்தில் நீட்டிப்பைச் சொல்லும் வரியைப் படிக்கச் சொல்லுங்கள், நகர வேண்டாம்.

வீடு மாறினால் 10 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கைரேகைக்கும் நேர்காணலுக்கும் அழைக்கும் கடிதங்கள், நீங்கள் விட்டு வந்த வீட்டின் தபால் பெட்டியில் விழக்கூடாது.