சிறிய இடத்தில் உணவுக்காடு: மூன்றாம் ஆண்டு நிழலை நடும் முன்பே கணக்கிடுங்கள்

உண்ணத்தக்க மரம், செடி, கொடிகளைக் காட்டைப்போல் அடுக்கடுக்காக வளர்க்கும் தோட்டம்தான் உணவுக்காடு. சிறிய இடத்து உணவுக்காடுகள் பெரும்பாலும் முதல் ஆண்டில் கெடுவதில்லை, மூன்றாம் ஆண்டில்தான் கெடுகின்றன. நட்டதெல்லாம் பிழைத்து, இலை அடர்ந்து, பச்சைப்பசேலென்று நிற்கும். பறிக்க மட்டும் ஒன்றும் இருக்காது. கொய்யாவின் உச்சியில் நாலு காய், அதுவும் கைக்கு எட்டாது. கீழே வைத்த மிளகாயும் தக்காளியும் வெளிறி, நீண்டு, சாய்ந்து கிடக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுவார்கள். குறை உரத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது.

உணவுக்காடு என்றதும் ஏழு அடுக்குகளைச் சொல்வார்கள்: உயர்மரம், சிறுமரம், புதர், செடி, தரைமூடி, கிழங்கு, கொடி. இந்த அடுக்குமுறையைப் பரவலாக்கியவர் ராபர்ட் ஹார்ட். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் அவர் வளர்த்த தோட்டம் சுமார் 500 சதுர மீட்டர். 20 அடிக்கு 30 அடி இடம் என்றால் அது 56 சதுர மீட்டர்தான். அதில் ஏழு அடுக்கையும் அடைக்க முயல்வது வீண். உயர்மர அடுக்கை முழுதாக விட்டுவிடுங்கள். தென்னை, பலா, விதைபோட்டு வளர்த்த மா ஆகியவை இவ்வளவு இடத்துக்கு உரியவை அல்ல. இங்கே சொல்வதெல்லாம் உறைபனி விழாத வெப்பப் பகுதிக்கு.

முதல் வேலை நிழலை அளப்பது. காலை 9, நண்பகல், பிற்பகல் 3 மணிக்குச் சுவர், கட்டிடம், பக்கத்து மரம் ஆகியவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று தாளில் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி குறித்தால்தான் படம் முழுமையாகும். பழமரத்துக்கு 6 முதல் 8 மணி நேரம் நேர்வெயில் வேண்டும். கீரை, இஞ்சி, மஞ்சளுக்கு 3, 4 மணி நேரம் போதும். கடகரேகைக்கு வடக்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமே சாய்ந்திருப்பதால் உயரமானவற்றை வடக்கு ஓரத்தில் வைக்க வேண்டும். வெப்பமண்டலத்தில் அது வடக்கிலும் தெற்கிலும் மாறிமாறிப் போகும். அங்கே மேற்கு ஓரம் நல்லது, பிற்பகல் சூட்டையும் தடுக்கும்.

பிறகு பரப்புக் கணக்கு. 8 அடி அகலம் விரியும் மரம் சுமார் 50 சதுர அடியை மூடும். 600 சதுர அடியில் ஒட்டுக் கொய்யா ஒன்று, ஒட்டு மா ஒன்று, எலுமிச்சை ஒன்று என்றாலே 150 ஆகிவிடும். ஒரு வாழைக் கூட்டம், இரண்டு பப்பாளி, ஒரு முருங்கை சேர்த்தால் 265க்கு வந்து நிற்கும். மரக்கூரை, அதாவது மரங்களின் இலைவிரிப்பு, தரையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது நல்ல வரம்பு. அதாவது, மரம் இத்தோடு முடிந்தது. மீதி எல்லாம் கறிவேப்பிலை, புதர், கீரை, கிழங்கு, வேலியில் ஏறும் கொடி. நாற்றங்காலில் இன்னும் இரண்டு கன்று ஆசையாகத் தெரியும். அந்த இரண்டுதான் பின்னால் வெளிச்சத்தைப் பறிக்கும்.

இந்த வரம்பை ஆண்டுதோறும் காப்பாற்றுவது கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டுவது. சிறிய உணவுக்காட்டில் மண்வெட்டியைவிடக் கவாத்துக் கத்தரிக்குத்தான் வேலை அதிகம். எந்த மரம் எந்தக் கிளையில் காய்க்கும் என்று தெரியாமல் வெட்டுவதால்தான், வெட்டினால் காய்ப்பு போய்விடும் என்ற பயம் பரவியிருக்கிறது.

கொய்யா புதுத் துளிரில் பூக்கும். அதனால் நுனியை வெட்ட வெட்டப் பூ வரும். நட்ட கன்றை 2 அடி உயரத்தில் தலை கிள்ளி, நாலு திசையில் நாலு கிளை விட்டு, நடுவில் நேராக எழும்பும் குச்சிகளை எடுத்துவிட்டால் மரம் கிண்ணம்போல் விரிந்து 7, 8 அடியிலேயே நிற்கும். மா வேறு மாதிரி. அது முற்றிய குச்சியின் நுனியில்தான் பூக்கும். துளிர் முற்றுவதற்குச் சில மாதம் தேவை. எனவே அறுவடை முடிந்த உடனே வெட்ட வேண்டும். தள்ளிப்போட்டுப் பூக்கும் பருவத்துக்கு முன்னால் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ அத்தனையும் குப்பைக்குப் போகும். எலுமிச்சையை ஆழமாக வெட்டவே வேண்டாம். வெட்டினால் முள்ளும் இலையுமாக நீர்க்குச்சிகள் சீறி எழும். காய்ந்த குச்சி, உரசும் கிளை, ஒட்டுக்குக் கீழிருந்து வரும் போத்து, இவை மட்டும் போதும். அந்தப் போத்தை விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் ஒட்டுக்கு வேர் தந்த அடிக்கன்று மேலேறி, ஒட்டிய ரகம் பட்டுப்போகும். முருங்கைக்குத் தயவே காட்ட வேண்டாம்: காய்ப்பு முடிந்ததும் 3 அடிக்கு வெட்டுங்கள். மற்ற பழமரங்களில் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

வாழைக்குக் கணக்கு எளிது. தார் போட்ட தாய், பாதி வளர்ந்த கன்று, சிறு கன்று என மூன்று மட்டும். மற்றவற்றை அடியோடு தோண்டி எடுங்கள். பப்பாளியில் ஆண், பெண், இருபால் மரங்கள் உண்டு. ஒரு குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூ வந்த பின் ஆண் மரங்களை எடுத்துவிட்டு, காய்க்கும் மரம் ஒன்றை மட்டும் விடுங்கள். பெண் மரங்கள் மட்டுமே இருந்தால் மகரந்தத்துக்கு அருகில் ஓர் ஆண் மரமோ இருபால் மரமோ வேண்டும். இரண்டு நாள் வேரில் நீர் தேங்கினாலே பப்பாளி சாகும் என்பதால் அதை மேட்டில் வைக்க வேண்டும்.

தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையும் இங்கே நிறைய இழப்பைத் தருகிறது. அகத்தி, துவரை, தட்டைப்பயறு, சங்குப்பூ போன்றவை வேர்முடிச்சுகளில் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்க்கின்றன. ஆனால் சேர்த்ததில் பெரும்பகுதி அந்தச் செடியின் உடம்பிலேயே இருக்கும். பக்கத்தில் நட்டுவைத்தால் எலுமிச்சைக்குத் தானாக ஊறி வராது. பூக்கும் முன் தழையை வெட்டி மர அடியில் பரப்பி, அது மட்கும்போதுதான் சத்து கைமாறும். வெட்டாமல் விட்ட துவரை இன்னொரு நிழல்செடி, அவ்வளவே. அகத்தியின் தலையை அடியோடு வெட்டினால் பட்டுப்போவது உண்டு. பக்கக் கிளைகளை மட்டும் கழியுங்கள். தழைக்காக வளர்க்கும் கிளைரிசிடியா மரம் வெட்டைத் தாங்கும், ஆனால் அதன் இலை உண்பதற்கல்ல.

நடுவதற்கு முன் வடிகாலைச் சோதியுங்கள். ஓரடி ஆழக் குழியில் நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் குழியில் நடாமல் ஒன்று, ஒன்றரை அடி மேடு கட்டி நடுங்கள். குழி வேர்க்கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கலாம், ஆழம் அதே அளவு போதும். ஆழமாகத் தோண்டித் தொழுவுரத்தால் நிரப்பும் பழக்கம் வேண்டாம். உரம் மட்கும்போது அளவு குறைந்து கன்று கீழே இறங்கும், ஒட்டு மண்ணுக்குள் புதையும், தண்டு அழுகும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, மட்கிய உரத்தை மேலே பரப்புங்கள். ஒட்டு தரையிலிருந்து 3, 4 அங்குலமாவது மேலே நிற்கட்டும்.

மண்மேல் சருகு போன்றவற்றைப் பரப்பும் மூடாக்கு 4 அங்குலம். 600 சதுர அடிக்கு இது 200 கன அடி. எதிர்பார்ப்பதைவிட அதிகம், அதனால் முன்பே சேர்க்கத் தொடங்குங்கள். தண்டைச் சுற்றி அரை அடி வெற்றிடம் விடுங்கள், ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். காய்ந்த சருகையும் மரத்தூளையும் மண்ணோடு கிளறிவிடக் கூடாது. அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ள, செடி மஞ்சளாகும். மேலே கிடந்தால் அந்தச் சிக்கல் மேல்மண்ணோடு நின்றுவிடும்.

தண்ணீரை மில்லிமீட்டரில் எண்ணிப் பழகுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். வெயில் நாளில் 5 மி.மீ. ஆவியாகிறது என்றால் 4 சதுர மீட்டர் கூரையுள்ள மரத்துக்கு நாளுக்கு 20 லிட்டர். வேர் பிடித்த மரத்துக்குத் தினமும் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை, இருமுறை ஆழமாக ஊற்றுவது நல்லது, வேர் கீழே இறங்கும். முதல் ஆண்டுக் கன்றுகளுக்கு மட்டும் இந்த இடைவெளி பொருந்தாது.

மரம் சிறிதாக இருக்கும் முதல் ஒன்றரை ஆண்டு, நடு இடங்களில் வெயில் பயிர் போடுங்கள்: வெண்டை, மிளகாய், பயறு. நிழல் நெருங்கியதும் மஞ்சள், இஞ்சி, சேப்பங்கிழங்கு, வல்லாரை, பொன்னாங்கண்ணிக்கு மாறுங்கள். நிழலில் தக்காளியைப் பிடிவாதமாகத் தொடர்வது உழைப்புக்குக் கேடு. சர்க்கரைவள்ளி நல்ல தரைமூடிதான், ஆனால் மர அடியிலிருந்து 2 அடி தள்ளியே இருக்க வேண்டும். கிழங்கு தோண்டும்போது மரத்தின் மேல்வேர் அறுபடும்.

பூச்சியில் இரண்டைச் சொன்னால் போதும். மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் எறும்பைத் தடுங்கள்; அது வெளியிடும் இனிப்பான தேன்கழிவுக்காக எறும்புதான் அதைக் காக்கிறது. பழ ஈக்கு, காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே பை கட்டுங்கள். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள், உள்ளிருக்கும் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும்.

உணவுக்காட்டுக்குப் பரிந்துரைக்கப்படும் பல்லாண்டுக் கீரைகள் சிலவற்றில் கவனம் வேண்டும். மரக்கீரை எனப்படும் சாயாவில் சயனைடு வெளியிடும் பொருள் உள்ளது. நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும், பச்சையாகக் கூடாது. தவசிக்கீரையைச் சமைத்து அளவாக உண்ணுங்கள். 1990களில் தைவானில் உடல் எடை குறைக்க அதன் பச்சைச் சாற்றைத் தொடர்ந்து குடித்த பலருக்கு மீளாத நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டது.

பழைய பெயின்ட் உதிரும் சுவரோரமும் சாலையோரமும் மண்ணில் ஈயம் இருக்கலாம். கீரை, கிழங்கு போடும் முன் அந்த மண்ணைச் சோதனைக்கு அனுப்புங்கள். ஈயம் இலையிலும் கிழங்கின் மேல் ஒட்டும் மண்ணிலுமே அதிகம் வரும், பழத்துக்கு மிகக் குறைவாகவே ஏறும். சோதனையில் அளவு கூடியிருந்தால் அந்த ஓரத்தைப் பழமரத்துக்கும் தடித்த மூடாக்குக்கும் ஒதுக்கி, கீரையை வெளி மண் நிரப்பிய உயர்பாத்திக்கு மாற்றிவிடுங்கள்.