பாப்புலர்: வெகுஜனமா, பொதுவியலா?

அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பு நூலில் 'பாப்புலர் ஆர்ட்' வரவேண்டிய இடமெல்லாம் 'வெகுஜனக் கலை' என்றிருந்தது. பத்துப் பக்கம் தள்ளி 'மாஸ் கல்ச்சர்'. அதற்கும் 'வெகுஜனக் கலாச்சாரம்'தான். நூலை மூடி வைத்துவிட்டேன்.

பாப்புலர் என்பதன் வேர், மக்களைக் குறிக்கும் 'பாபுலுஸ்' என்ற லத்தீன் சொல். மக்களுக்கு உரியது என்பது முதற்பொருள். பலரும் விரும்புவது என்பது பின்னால் ஏறியது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

வெகுஜனம் என்றால் பெருங்கூட்டம். கூட்டத்துக்குத் தலைக்கணக்கு உண்டு, ரசனை உண்டென்று யாரும் சொல்வதில்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர்களான அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் தம் நூலின் வரைவில் முதலில் எழுதியது 'மாஸ் கல்ச்சர்' என்றுதான். மக்களிடமிருந்து தானாக எழுந்த கலை என்று யாராவது அதற்குப் பொருள்கொண்டுவிடுவார்களோ என்று அஞ்சி, 'பண்பாட்டுத் தொழில்துறை' என மாற்றினார்கள். மேலிருந்து உற்பத்தி செய்து தள்ளுவது வேறு, மக்களிடம் முளைப்பது வேறு. அவர்கள் பாடுபட்டுப் பிரித்ததை நம் மொழிபெயர்ப்பாளர் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார். 'வெகுசனம்' என்று கிரந்தம் நீக்கி எழுதுவோரோடும் எனக்குச் சண்டை உண்டு. எழுத்தை மாற்றினால் இளக்காரம் போய்விடுமா?

இளக்காரம்தான். அறிஞர்கள் இக்கலைகளை நெடுங்காலம் ஏறெடுத்துப் பாராததில் பெயருக்கும் பங்கு உண்டு. ஆக்ஸ்போர்டில் நூலகம் அமைத்த தாமஸ் பாட்லி, நாடக நூல்களைக் குப்பையென்று ஒதுக்கச் சொல்லி 1612இல் தம் நூலகருக்கு எழுதினார். அப்போது ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தார். அவருடைய நாடகத் தொகுப்பு 1623இல் அங்கே வந்து சேர்ந்தது. பிற்பாடு வேண்டாமென்று கழித்துவிட்டார்கள். அதே பிரதியை 1906இல் 3,000 பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். இடையில் நாடகத்துக்கு 'இலக்கியம்' என்று பெயர் வந்துவிட்டிருந்தது.

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் 'வேத்தியல் பொதுவியல்' என்று கூத்தின் இரு திறங்கள் வருகின்றன. வேத்தியல் அரசருக்கு ஆடுவது. பொதுவியல் எல்லோருக்கும் ஆடுவது. இரண்டின் அளவும் அறிந்து மயங்காதவளே அங்கே தேர்ந்த ஆடல்மகள். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தும் பேச்சு அந்த வரியில் இல்லை. ஆகவே நான் 'பொதுவியல் கலை' என்றே எழுதுகிறேன். ஏதோ பாடப்பிரிவு போல ஒலிக்கிறது என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். உயிரியல், இயற்பியல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அப்படித்தான் இருக்கும். 'வெகுஜனம்' என்ற சொல்லைக் கைவிட மனமில்லாதவர்கள் அதை 'மாஸ்' என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை.